அம்மா வைக்கும் பெயர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே பொழுது விடிகிறது. பால் குடித்ததும் ஏப்பம் விடுவதற்குப் பேரன் படுத்துகிற பாட்டையும், தூக்கத்தில் உதட்டைப் பிதுக்குவதையும் நீ சொன்னபடியே அம்மாவிடம் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எப்படிச் சொல்லச் சொன்னாள் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். "அம்மாவுக்கு இன்னும் என் மேல கோவமாப்பா? கொழந்த பொறந்ததுக்குக்கூட ஒரு வார்த்த பேச மாட்டாங்களா?" என்றாய். நான் வழக்கம்போல அம்மா குளிக்கிறாள் என்றேன். "எப்பக் கூப்பிட்டாலும் குளிக்கிறாங்க, இல்லன்னா டூட்டிக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்று அம்மா குளிக்கவில்லை. என் தோளில் சாய்ந்தபடி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்தது. நீ வைத்த பிறகும் போனை என் காதிலிருந்து எடுக்கவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. குழந்தை மடியில் இருந்தால் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் படி.

உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. உன்னைப் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொன்னாரே, அதற்கு அடுத்த வாரம். மாப்பிள்ளைக்கு மட்டும் தகவல் சொன்னேன். "மாமா, இப்ப அவகிட்டச் சொல்ல வேணாம், பிரசவம் முடியட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவர் மேல் கோபப்படாதே. நீ தூங்கிய பிறகு கூப்பிட்டு அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். பிரசவம் ஆகி மாதம் ஒன்று ஓடிவிட்டது. இனிமேலும் மறைத்தால் நீ அவளைத் தப்பாக நினைத்துக்கொண்டே இருப்பாய். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீடு உனக்குத் தெரியாததா? இருப்பது ஒரு அறை, ஒரு சமையல் மூலை. எங்கே நின்று பேசினாலும் அவளுக்குக் கேட்கும். கேட்கும், புரியவும் புரியும். அவளுடைய நிலைமையை அவள் முன்னாலேயே யாரிடமாவது சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். இப்போது மாடி வீட்டுத் தையல்காரம்மா வந்து அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருக்கிறார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அது நடந்த அன்று நான் லோடு ஏற்றிக்கொண்டு வெகு தூரத்தில் இருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். காலையில் எப்போதும்போல அறிவிப்பு அறைக்குள் போய் மைக்கைப் போட்டிருக்கிறாள். "பயணிகள் கவனத்திற்கு" என்றது குரல். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் "பயணிகள் கவனத்திற்கு" என்றாள். வண்டியின் பெயர் வரவில்லை. மூன்றாவது பிளாட்பாரத்தில் யாரோ சிரித்தார்களாம். அதன் பிறகு ஒலிபெருக்கியில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஸ்டேஷன் முழுக்கக் கேட்டதாம். அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். வண்டிகளின் பட்டியலைக் கையில் வைத்து அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எழுத்துகள் அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் தேறிவிட்டது. இழுத்து இழுத்து நடக்கிறாள். கை இன்னும் தேறவில்லை. பேச்சுதான் அடியோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்தவரை "ம்" என்பதைத் தவிர வேறெதுவும் கிடையாது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் வழி சொன்ன வாய். நான் லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஒரு சொல் வந்தது. வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்து, "நடப்பான்" என்றாள். யார் நடப்பான் என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் "நடப்பான்" என்றாள். அடுத்த நாள் கடிகாரத்தைப் பார்த்து "அடிப்பான்". கண்ணாடி வேண்டுமென்றால் "காட்டுவான்". புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள். அவளிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "புத்திக்கு ஒண்ணும் ஆகலங்க. பொருளோட பேரெல்லாம் தொலஞ்சிபோச்சு. அது என்ன செய்யும்ங்கிறது மட்டும் மிச்சம் இருக்கு. அத வச்சே அவங்க புதுசாப் பேர் வைக்கிறாங்க" என்றாள். என்ன சொல்கிறாய் என்று அம்மாவைத் திருப்பித் திருப்பிக் கேட்கக் கூடாதாம். சொல்லுக்குள் என்ன வேலை ஒளிந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அப்புறம் அம்மாவின் கண் எங்கே போகிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பார்த்தால் மீதி தானாக விளங்குமாம். பள்ளிக்கூடத்தில் பகுதி வேறு, விகுதி வேறு என்று பிரிக்கத் தெரியாமல் பெஞ்சு மேல் நின்றவன் நான். இந்த வயதில் வீட்டுக்குள்ளேயே அந்தப் பாடம் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து பழகிக்கொண்டேன். குடிப்பான் என்றால் டம்ளர். சுத்துவான் மின்விசிறி. எரிவான் அடுப்பு, ஆனால் சாயங்காலம் சொன்னால் விளக்கு. பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால் பாதி நேரம் கோட்டை விடத்தான் வேண்டும். "பிடிப்பான்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறாள். தலை வாரும்போது சொன்னால் ஹேர்பின். மழை தூறும்போது சொன்னால் குடை. ஒரு நாள் மத்தியானம் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தவள் "பிடிப்பான்" என்றாள். ஹேர்பின்னைக் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். குடையைக் கொண்டுவந்தேன். வெயிலில் குடையோடு நிற்கிற என்னைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அதுதான் கேட்டிருக்கிறாள்.

மனிதர்களுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். தையல்காரம்மா, தைப்பா. பயிற்சி கொடுக்கிற பெண், கேப்பா; கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாளே, அதனால். நான் யார் தெரியுமா? போவான். லாரி ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? இத்தனை காலம் "என்னங்க" என்று கூப்பிட்டவள். நோயில் மரியாதையும் சேர்ந்து போய்விட்டது. இப்போது ராப்பகலாகக் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும் நான் போவான்தான். மாற்ற மாட்டேன் என்கிறாள். பெயர் வைக்கத் தொடங்கிய புதிதில் தையல்காரம்மா பார்க்க வந்தபோது அம்மா என்னைக் காட்டி, "போவான்... குடிப்பான்" என்றாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எரித்துவிட்டார். "பொண்டாட்டி இப்படிக் கெடக்கிறப்ப வெளிய போயி ஊத்திக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டேவிட்டார். டம்ளரை எடுத்து வா என்றுதான் அவள் என்னிடம் சொன்னாள் என்று விளங்கவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிப்போயிற்று. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நோய்க்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

ஆனால் எல்லா நாளும் அப்படிப் போவதில்லை. காலுக்குப் பயிற்சியாக நடத்திக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அவளுக்குப் பிடித்த இடமாயிற்றே என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். போர்ட்டர்கள், டீ விற்கிறவர், பெருக்குகிற அம்மாள், எல்லோரும் வந்து அக்கா அக்கா என்று சூழ்ந்துகொண்டார்கள். பிளாட்பாரம் மாறும்போது போடுகிற அறிவிப்பு, நோய் வருவதற்கு முன்பே அவள் பதிவு செய்து கொடுத்தது. அது இன்னும் ஓடுகிறது. நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல், மணி மணியாக. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இடது கையால் மேலே காட்டி, "பேசுவா" என்றாள். ஆமாம், நீ பேசுவே, சீக்கிரம் பேசிடுவே என்று நான் தேற்றினேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி மேலே காட்டி, "பேசுவா" என்றாள். பாதி வழி திரும்பி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒலிபெருக்கிக்குள் இருக்கிறவளுக்கு அவள் பெயர் வைத்திருக்கிறாள். அது தானில்லை, வேறு யாரோ ஒருத்தி என்று. அதற்குப் பிறகு ஸ்டேஷன் பக்கம் நாங்கள் போவதில்லை.

உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் பேச்சு வந்தாலே "வருவா, வருவா" என்கிறாள். போன் அடித்தால் வருவா. உன் பழைய சட்டைகள் இருக்கிற அலமாரிப் பக்கம் போனால் வருவா. உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஏக்கம். கோபமெல்லாம் கிடையவே கிடையாது. பிரசவத்துக்கு இங்கே வரச் சொல்லி நீ வர முடியாது என்றபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளே, அது அந்த ஒரு வாரத்தோடு சரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை அவளிடம் கொடுக்கிறேன். யார், எது, எந்த ஊர் என்று பெயர் சொல்லவேண்டிய கேள்வி எதுவும் கேட்காதே. அவசரப்படுத்தாதே. சொல் விளங்காவிட்டால் உள்ளே இருக்கிற வேலையைப் பார். அழாமல் பேசு.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளை பெற்ற உடம்பு. அம்மா பக்கத்தில் இருந்தால் என்னென்ன சொல்லுவாளோ அதையெல்லாம் சொன்னதாக எடுத்துக்கொள்.

உன் அப்பா


அன்பு மகளுக்கு,

அப்பா. உன்னிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வராமல் நின்று கொஞ்ச காலமாகிவிட்டது. நான் கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். நீ தூங்குகிறாய் என்கிறார், குளிக்கிறாய் என்கிறார். இந்தப் பொய்யைச் சொல்லிப் பழகியவன் என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அன்று நடந்ததற்குப் பிறகு உனக்குப் போனைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கும். ஆனால் அன்று நடந்ததை நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். தப்பு உன்னுடையதில்லை. நான்தான் உனக்குத் தப்பாக எழுதினேன். அதைச் சரி செய்யாமல் எனக்கு ஒரு வாய்ச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று நீ "அம்மா" என்றதும் அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். போனை இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தாள். வலது கை நழுவி நழுவி விழுந்தது. "வருவா" என்றாள். மறுபடி, "வருவா... வருவா" என்றாள். நீ அழ ஆரம்பித்துவிட்டாய். "வர முடியாதும்மா. இங்க தங்குறதுக்கான பேப்பர் கைக்கு வராம இந்த நாட்ட விட்டு வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்கம்மா. ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. என்னக் கூப்பிடாதீங்கம்மா, என்னால தாங்க முடியல" என்றாய். அவள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்து, இன்னும் மெதுவாக, சின்னக் குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி, "வருவா" என்றாள். நீ வைத்துவிட்டாய்.

அன்று முழுக்க எனக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் குரலில் கேட்கிற தோரணை இல்லை. வா என்று கெஞ்சுகிற தோரணையும் இல்லை. தையல்காரம்மா வரும்போதெல்லாம் அம்மா உன் போட்டோவைக் காட்டி "வருவா" என்பாள். அந்த அம்மாளும் நல்ல மனதோடு, "வருவா, வருவா, கண்டிப்பா வருவா" என்று தேற்றுவார். அப்படிச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். போட்டோவை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். ஏன் கோபப்படுகிறாள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. பேசுவா என்று அவள் சொன்னதும் இப்படித்தான். நடக்கப்போகிற ஒன்றைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளோ பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். தைப்பா என்றால் இனிமேல் தைக்கப்போகிறாள் என்று அர்த்தமில்லை. கேப்பா என்றால் கேட்கப்போகிறாள் என்று இல்லை. நான் எங்கேயும் போகவே இல்லை, ஆனாலும் போவான். அப்படியானால் வருவா? எழுந்து போய் உன் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். இது யாரு என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றாலும் கேட்டேன். "வருவா" என்றாள். வருவாளான்னு கேக்கிறியா, இல்ல இவ பேரு வருவாவா என்றேன். அத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு ஆள் தன் பேச்சைப் புரிந்துகொண்டான் என்ற நிம்மதியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையை ஆட்டி ஆட்டி, விரலால் உன் முகத்தைத் தொட்டு, "வருவா" என்றாள்.

கண்ணு, அவள் உன்னை வரச் சொல்லவில்லை. நீ "அம்மா" என்று கூப்பிட்டாய். அவள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவுதான் அன்று நடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவளிடம் "என்னைக் கூப்பிடாதே" என்று நீ சொன்னதாக அவள் காதில் விழுந்தது. நீ அதைத் தெரிந்து சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் பிறகு விளங்கவைத்துவிட்டேன். பெற்ற மகளுக்கு வேறு எத்தனையோ சொல் இருக்கும்போது இந்தச் சொல்லை ஏன் எடுத்தாள் என்று நீ கேட்கலாம். அந்தச் சொல்லுக்குள் இருக்கிற வேலையை நீயே பார்த்துக்கொள்.

இன்னொன்றையும் நீ கவனித்திருக்க மாட்டாய். நீ அழுதுகொண்டிருந்தபோது பின்னால் பேரனும் அழுதான். அம்மா சட்டென்று நிமிர்ந்து, "பசிக்குது" என்றாள். பெயராகச் சொல்லவில்லை. எல்லோரும் சொல்கிற மாதிரி முழுதாக, தெளிவாக, "பசிக்குது" என்றாள். நோய் வந்த நாளிலிருந்து நான் உள்ளே புகுந்து தேடாமலே விளங்கிய ஒரே சொல் அது. குழந்தை அழுகிறதில் எது பசி, எது தூக்கம் என்று அவளுக்கு இன்னும் தெரிகிறது. உன்னிடம் சொல்லத்தான் பார்த்தாள். அதற்குள் நீ வைத்துவிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் வருவா என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். நீ அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் அவள் கேட்டாள், ரெண்டு வருஷம் என்றதையும் கேட்டாள். போன் அடித்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தையல்காரம்மா போட்டோவைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தும் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் கோபித்துக்கொண்டாளோ என்று எனக்கு ஒரே கலக்கம். பல நாள் அப்படிப் போயிற்று.

ஒரு நாள் காலை அவளுக்கு முகம் கழுவித் துடைத்துவிட்டு எழுந்தேன். "இருப்பா" என்றாள். கொஞ்சம் இருப்பா, போகாதே என்று சொல்கிறாள் என்று நினைத்து, இருக்கேன், எங்கயும் போகல என்று மறுபடி உட்கார்ந்தேன். இல்லை என்று தலையாட்டினாள். "இருப்பா" என்றாள் மறுபடியும். தண்ணீர் இருக்குமா என்று கேட்கிறாளோ என்று குடத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். சுவரில் உன் போட்டோ. பக்கத்தில் மாப்பிள்ளை அனுப்பிய பேரன் போட்டோ. "இருப்பா" என்று உன் பக்கம் காட்டிச் சொன்னாள். நான் போட்டோவை எடுத்துக் கொடுத்ததும் மடியில் வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாக, "இருப்பா" என்றாள்.

பெயரை மாற்றிவிட்டாள். எனக்கு மாற்றாதவள் உனக்கு மாற்றினாள். வருகிறவள் இல்லை, இருக்கிறவள். எங்கேயோ ஒரு வீட்டில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, நன்றாக இருப்பாள் என்று. நீ வர முடியாததை நினைத்து வருந்தாமல் இருக்கட்டும் என்றுதான் மாற்றினாளோ என்னவோ. அதைச் சொல்ல அவளிடம் சொல் இல்லை.

இனி எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். போன வாரம் அவளுக்கு இன்னொரு அடைப்பு வந்தது. சின்னதுதான் என்றார்கள். காலையில் தேநீர் கொடுத்தேன், விழுங்கத் தெரியவில்லை, வாயோரமாக வழிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மூக்கு வழியாகக் குழாயில் ஆகாரம் போகிறது. இந்தத் தடவை வேலையைச் சொல்கிற சொற்களும் போய்விட்டன. பேச்சுப் பயிற்சிப் பெண் வந்து பார்த்தாள். எப்போதும் கேள்வியாய்க் கேட்கிறவள், இந்த முறை ஒன்றுமே கேட்கவில்லை. அம்மாவின் கூந்தலை ஒதுக்கிவிட்டு, "நீங்க பேசிக்கிட்டே இருங்கப்பா, அவங்களுக்குக் கேக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டரிடம் இனி எப்படி என்று கேட்டேன். அவர் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற அட்டையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்ல வேற யாராச்சும் இருந்தா தகவல் சொல்லிடுங்க" என்றார். அவர் சொன்னதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பகலெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசுகிறேன். அவள் வைத்த பெயர்களைத்தான் சொல்கிறேன். சுத்துவான் சத்தம் போடுகிறான், எண்ணெய் விட வேண்டும் என்கிறேன். தைப்பா உனக்குப் புதுச் சட்டை தைத்துக் கொண்டுவந்திருக்கிறாள், கை நுழைக்கச் சுலபமாக இருக்கும் என்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். சில சமயம் என் பின்னால் கதவைப் பார்க்கிறாள்.

உன் பேப்பர் விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கிளம்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாப்பிள்ளையைக் கேட்காமல் எதுவும் செய்யாதே. நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் செய். தினமும் ஒரு தடவை போன் போடு. எந்த நேரமானாலும் சரி. நான் அவள் காதில் வைக்கிறேன். நீ என்ன பேசுவது என்று தவிக்க வேண்டாம். பதில் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பேரன் அழுதால் அடக்காதே. தூக்கிச் சமாதானப்படுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் போனை அவன் பக்கத்தில் பிடி. அவன் அழுவது எதற்கென்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நீயும் உன் பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். அவள் வாயால் சொல்ல வேண்டியதை அவளுக்கும் சேர்த்து நானே சொல்கிறேன்.

கட்டில் பக்கத்திலிருந்து,
அப்பா